மணி தேடிய கழுதை

கே.கே. நகரில் அம்மாவும் அத்தாவும் இருக்கும் வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் வந்தபோது பரணில் இருந்ததையெல்லாம் கீழே இறக்க வேண்டியிருந்தது. அத்தா சவூதியிலிருந்து கொண்டுவந்த ஒவ்வொரு பொருளின் அட்டைப்பெட்டியையும் பத்திரப்படுத்தி வைப்பவர். மிக்ஸி வந்த பெட்டி, டேப்ரெக்கார்டர் வந்த பெட்டி என்று ஒன்றுக்குள் ஒன்றாக எல்லாம் காலியாகவே இருந்தன. ஒரு பெட்டி மட்டும் கனத்தது. பிரித்தால் உள்ளே பழைய துண்டில் சுற்றி எங்கள் வீடியோ கேம் இருந்தது. சாம்பல் நிற டப்பா, இரண்டு ஜாய்ஸ்டிக், மஞ்சள் வெள்ளை சிவப்பு முனைகளோடு ஒரு ஒயர், இரண்டே இரண்டு சிடி. ஒன்று கழுதை கேம். இன்னொன்று கார் கேம்.

அது வீட்டுக்கு வந்தபோது நான் ஒன்பதாம் வகுப்பு, தம்பி ஆறாம் வகுப்பு. அப்போது பீமநகரில் ஒரு வீட்டின் மாடிப் போர்ஷனில் குடியிருந்தோம். அத்தா வருஷத்துக்கு ஒருமுறை லீவில் வருவார். வந்து இறங்கிய அன்றே அதைப் பெட்டியிலிருந்து எடுத்து டிவியில் மாட்டினார். சிவப்பு பனியன் போட்ட ஒரு கழுதை திரையில் வந்து நின்றது. நாங்கள் பொத்தானை அழுத்தினால் அது நடந்தது. டிவியில் இருப்பவர்கள் நாம் சொன்னபடி நடப்பார்கள் என்று அதுவரை எங்களுக்குத் தெரியாது. தம்பி வாயைத் திறந்தபடியே உட்கார்ந்திருந்தான்.

அந்தக் கழுதை ஒரு கார்ட்டூன் தொடரின் நாயகன். அந்தத் தொடரின் பேரையும் படத்தையும் உரிமை வாங்கித்தான் கேம் செய்திருந்தார்கள். எங்கள் வீட்டில் கேபிள் கிடையாது, அதனால் தொடரை நாங்கள் பார்த்ததே இல்லை. பார்த்தவர்கள் என் வகுப்பில் இருந்தார்கள். அந்தக் கழுதை ஒரு லூசு, எப்போதும் எதிலாவது மோதிக்கொண்டு ஓயாமல் பேசும் என்றார்கள். எனக்கு நம்ப முடியவில்லை. எங்கள் வீட்டுக் கழுதை ஒரு வார்த்தை பேசாது. ஊரில் இருந்த மணிகளையெல்லாம் ஒரு காக்கை திருடிக்கொண்டு போய் ஒளித்துவைத்துவிட்டது. கழுதை ஊர் ஊராகப் போய் அவற்றைத் தேடி எடுக்கிறது. எடுக்கும்போது ஒவ்வொரு மணியும் தன் குரலில் ஒருமுறை ஒலிக்கும். எங்களுக்குத் தெரிந்த கழுதை அதுதான், பொறுப்பான கழுதை.

விளையாடியதைச் சேமித்து வைக்க மெமரி கார்டு என்று ஒன்று தனியாக வேண்டும். எங்களிடம் அது இல்லை. ஆகவே தினமும் முதல் ஸ்டேஜிலிருந்துதான் தொடங்க வேண்டும். சந்தை, காடு, பழைய ஆலை என்று தாண்டித் தாண்டி ஒரு தொங்குபாலத்துக்கு வருவோம். கீழே பாதாளம். கழுதை கால் வைக்க வைக்கப் பலகைகள் ஒவ்வொன்றாக விழும். காக்கை மேலிருந்து பாய்ந்து வரும். நாங்கள் ஓடுவோம், விழுவோம். அதோடு அன்றைய ஆட்டம் முடிந்துவிடும். நான் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, தம்பி கிரிக்கெட் பக்கம் போய், கேம் துண்டில் சுற்றப்படும் வரைக்கும் அந்தப் பாலத்தை நாங்கள் தாண்டவில்லை.

பெட்டியைப் பார்த்ததும் அதை ஓடவைத்துப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. துவாக்குடியில் நான் வேலை பார்க்கும் கல்லூரி அலுவலகத்தில் விசாரித்தேன். ஸ்ரீரங்கத்தில் ஒருவர் இருக்கிறார், பேங்கில் வேலை, பழைய கேம் மிஷின்களைச் சரிசெய்வது அவருக்குப் பொழுதுபோக்கு என்றார்கள். ஒரு சனிக்கிழமை மாலை வடக்குச் சித்திரை வீதியில் அவர் வீட்டைக் கண்டுபிடித்துப் போனேன். என் வயதுதான் இருக்கும். நெற்றியில் திருமண் இட்டிருந்தார். சாமி அறைக்குப் பக்கத்து அறை முழுக்க டப்பாக்களும் ஒயர்களும் இருந்தன. உட்காரச் சொல்லிவிட்டு ஸ்க்ரூக்களைக் கழற்றினார். காதுக்குள் விடும் பஞ்சுக்குச்சியை ஸ்பிரிட்டில் நனைத்து உள்ளே இருந்த சின்னக் கண்ணாடியைத் துடைத்தார். சிடியைப் போட்டு மூடினார். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு உள்ளே ஏதோ சுழலும் சத்தம் கேட்டது. அவர் காதைப் பக்கத்தில் கொண்டுபோய்க் கேட்டுவிட்டு நிமிர்ந்து சிரித்தார்.

திரையில் கழுதை வந்ததும் அவருடைய முகமே மாறிவிட்டது. பாலம் தாண்டியிருக்கேளா என்று என்னைக் கேட்டார். இல்லை என்றேன். அவரும் தாண்டவில்லையாம். அவரும் அவருடைய அண்ணனும் ஒரு கோடை விடுமுறை முழுக்க அங்கேயே விழுந்துகொண்டிருந்தார்களாம். டிவி தொடரின் பேரை வைத்துச் செய்த இந்த மாதிரி கேம்களை அவசர அவசரமாகச் செய்து கடைக்கு அனுப்பிவிடுவார்கள், பல கேம்கள் அரைகுறைதான் என்று விளக்கினார்.

“அந்தப் பாலத்துக்கு அப்புறம் கேமே கிடையாதும்பான் எங்கண்ணா. செய்யறவாளுக்கு நேரமில்லாம அதோட விட்டுட்டான்னு. நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நம்பிண்டிருந்தேன்” என்றார்.

இப்போது இணையத்தில் தேடினால் யாராவது முழுசாக விளையாடிப் பதிவேற்றியிருப்பார்களே என்று கேட்டேன். இருக்கும், ஆனால் தான் தேடவில்லை என்றார். பார்த்துவிட்டால் பாலத்துக்கு அப்பால் ஏதோ இருக்கிறது என்ற நினைப்பு போய்விடும் என்றார். அதைக் கேட்டபிறகு எனக்கும் தேட மனசு வரவில்லை. பழைய ஒயரைப் புது டிவியில் மாட்ட ஒரு சின்னப் பெட்டியையும் கொடுத்து அனுப்பினார்.

மறுநாள் ஞாயிறு. காலையிலேயே கே.கே. நகருக்குப் போய்விட்டேன். என் கணவர் ஊரில் இல்லை. அத்தா கடைத்தெருவுக்குப் போயிருந்தார். அம்மா சோபாவில் உட்கார்ந்து முறத்தில் மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். நான் தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் மாட்டினேன்.

முதலில் ஏமாற்றமாகத்தான் இருந்தது. அந்த நாளில் அவ்வளவு அழகாக இருந்த கழுதை பெரிய திரையில் முக்கோணம் முக்கோணமாக ஒட்டிவைத்த மாதிரி இருந்தது. மரங்கள் வெறும் அட்டை. சந்தைக்குப் பின்னால் இருந்த ஊர் ஒரு தட்டையான படம். ஆனால் முதல் மணியை எடுத்தபோது அது ஒலித்தது. அந்த ஒலியில் எதுவும் குறையவில்லை. விரல்களுக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. எந்தப் பீப்பாய்க்குப் பின்னால் மணி, எந்தக் கிளை முறியும் என்பதெல்லாம் யோசிப்பதற்கு முன்பே கை செய்துவிட்டது. அம்மாவிடம் பார்த்தீங்களா என்றேன். அம்மா ம் என்றாள். மொச்சைத் தோல் முறத்தில் விழுந்துகொண்டே இருந்தது.

பாலம் வந்தது. ஓடினேன், விழுந்தேன். மறுபடி ஓடினேன். காக்கை வந்து இடித்தது. விழுந்தேன். இன்னும் ஒரே ஒரு உயிர்தான் பாக்கி இருந்தது.

“நில்லு” என்றாள் அம்மா.

திரும்பிப் பார்த்தேன். அம்மா முறத்தைக் கீழே வைத்துவிட்டுக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“ஓடுனா பலகை விழுவும். நடந்தா விழுவாது. காக்கா தலைக்கு மேல வரும்போது மட்டும் அசையாம நிக்கணும். இங்க குடு.”

ஜாய்ஸ்டிக்கை வாங்கிக்கொண்டாள். அவள் அதைப் பிடித்த விதத்தை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். புதிதாக ஒன்றை வாங்கிப் பார்ப்பவர்கள் அப்படிப் பிடிக்க மாட்டார்கள். இரண்டு கட்டைவிரலும் தானாகப் போய் அதனதன் இடத்தில் உட்கார்ந்தன. கழுதை மெல்ல நடந்தது. பலகை ஆடியது, விழவில்லை. காக்கை வந்தது. அம்மா நின்றாள். காக்கை தலைக்கு மேல் வட்டமடித்துவிட்டுப் போனது. அம்மா நடந்தாள். இப்படியே பாதிப் பாலம், முக்கால் பாலம். கழுதை அக்கரையில் கால் வைத்தது.

அதற்கு அப்பால் கேம் இருந்தது.

பனி மூடிய ஒரு மலை. அதுவரை கேட்காத ஒரு இசை. கழுதையின் மூக்கிலிருந்து ஆவி வந்தது. இருபது வருஷத்துக்கும் மேலாக அந்தச் சிடிக்குள், அந்தத் துண்டுக்குள், அந்தப் பரணில் அந்த மலை இருந்திருக்கிறது. நான் எழுந்து நின்றுவிட்டேன். அம்மாவோ ஜாய்ஸ்டிக்கை மடியில் வைத்துவிட்டுத் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“இந்தப் பாட்டு எப்பலேர்ந்து?” என்றாள்.

எனக்குப் புரியவில்லை. அது எப்போதும் இருந்திருக்கும் அம்மா என்றேன். அப்போதுதான் அவள் சொன்னாள். கீழ்வீட்டு ஹவுஸ் ஓனருக்கு ரயில்வேயில் இரவு வேலை. பகலில் தூங்குவார். அவர் தூக்கம் கெடக்கூடாது என்று டிவி சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டுத்தான் அவள் விளையாடுவாளாம். பாலம் வரைக்கும் உள்ள சத்தமெல்லாம் நாங்கள் சாயங்காலத்தில் விளையாடும்போது சமையலறையிலிருந்து கேட்டது. பாலத்துக்கு அப்புறம் அவள் எதையும் கேட்டதில்லை. பார்த்ததுதான்.

எப்போது விளையாடினீர்கள் என்று கேட்டேன்.

“நீங்க ஸ்கூலுக்குப் போனப்புறம். லுஹர் தொழுதுட்டு உக்காந்தா அஸர் பாங்குக்குள்ள முடிச்சிடலாம். அப்புறம் நீங்க வந்துருவீங்க.”

மதியத் தொழுகைக்கும் மாலைத் தொழுகையின் அழைப்புக்கும் நடுவில் முடித்துவிடலாம் என்று அவள் சொன்னது முழு கேமையும். தினமுமா என்றேன். தினமும் இல்லை, துவைக்கிற நாளில் முடியாது என்றாள். சொல்லிக்கொண்டே பனியில் நடந்தாள். எனக்கு அவளைப் பார்ப்பதா திரையைப் பார்ப்பதா என்று தெரியவில்லை. எங்கே பனிக்கட்டி உடையும், எந்தக் குகைக்குள் மணி இருக்கும் என்பதெல்லாம் அவளுக்கு எங்கள் தெருவைப் போலத் தெரிந்திருந்தது. எல்லோருக்கும் பேர் வைத்திருந்தாள். காக்கைக்குக் கணக்குப்பிள்ளை என்று பேர், எங்கே போனாலும் பின்னாலேயே வந்து பார்த்துக்கொண்டிருப்பதால். பனிமலையில் உருண்டு வந்து வழிமறித்த ஒரு வெள்ளைக் கரடிக்கு மாமா என்று பேர். மாமாவை அடிக்க வேண்டாம், ஒதுங்கி நின்றால் அவரே போய்விடுவார் என்றாள். ஒதுங்கி நின்றாள். அவரே போய்விட்டார்.

எப்படி ஆரம்பித்தது என்று கேட்டேன். தம்பிக்கு ஒருமுறை காய்ச்சல் வந்து ஸ்கூலுக்குப் போகாமல் வீட்டில் இருந்தான். விளையாடிக்கொண்டே அப்படியே தூங்கிவிட்டான். கழுதை பாலத்துக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தது. அம்மா டிவியை அணைக்கப் போனாள்.

“அது மூச்சு விட்டுச்சு. நான் கிட்டப் போனதும் திரும்பி என்னையப் பாத்துச்சு. கால தட்டுச்சு. போகலாமாங்கற மாதிரி.”

யாரும் எதையும் அழுத்தாமல் இருந்தால் அந்தக் கழுதை திரும்பிப் பார்த்துக் காலைத் தட்டும். அப்படித்தான் அதைச் செய்திருந்தார்கள். எங்களுக்கும் அது தெரியும். ஆனால் நாங்கள் எப்போதும் ஓடிக்கொண்டே இருந்ததால் அது எங்களை அதிகம் பார்த்ததில்லை.

மலையிலிருந்து இறங்கினால் துறைமுகம். அங்கே ஒரு பெரிய கப்பல் நின்றது. அம்மா கழுதையைக் கப்பலின் மேல்தளத்தில் ஏற்றி நிறுத்தினாள். வெளியே லுஹருக்குப் பாங்கு சொன்னார்கள். ஆட்டத்தை நிறுத்திவைக்கும் பொத்தானை அழுத்திவிட்டு, தொழுகைக்கு முகம் கை கால் கழுவி ஒளுச் செய்யப் போனாள். நான் மட்டும் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். ஜாய்ஸ்டிக்கைத் தொட எனக்குத் துணிவு வரவில்லை.

அத்தா பள்ளிவாசலில் தொழுதுவிட்டு வந்தார். செருப்பைக் கழற்றிக்கொண்டே டிவியைப் பார்த்தார்.

“கப்பலுக்கு வந்துட்டாளா?” என்றார்.

அத்தாவுக்கும் தெரியும். லீவில் வரும்போதெல்லாம் பார்த்திருக்கிறாராம். நாங்கள் ஸ்கூலுக்குப் போனபின் அம்மா சமையலையும் லுஹர் தொழுகையையும் முடித்துவிட்டு உட்காருவாளாம், அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பாராம். அவரையும் விளையாடச் சொன்னாளாம். அவர் கழுதையைத் தண்ணீரில் தள்ளிவிட்டாராம். அதற்கப்புறம் பார்ப்பதோடு சரி. எங்களிடம் ஏன் சொல்லவில்லை என்றேன். அவ வேணாம்னா என்று மட்டும் சொல்லிவிட்டுத் தொப்பியை மடித்துப் பாக்கெட்டில் வைத்தார்.

அம்மா தொழுது முடித்து வந்ததும் அதையே அவளிடம் கேட்டேன். ஜாய்ஸ்டிக்கை எடுத்துக்கொண்டு, கப்பலின் புகைபோக்கிக்குப் பின்னால் இருந்த ஒரு மணியை எடுத்துவிட்டுத்தான் சொன்னாள்.

“சொன்னா எப்படின்னு கேப்பீங்க. கேட்டா காட்டணும். அப்புறம் அது உங்களுது ஆயிரும். எனக்குன்னு ஒண்ணு இருக்கட்டும்னு நெனச்சேன்.”

அதில் வருத்தமோ கோபமோ எதுவும் இல்லை. உப்பு எங்கே இருக்கிறது என்று சொல்வதைப் போலச் சொன்னாள். இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு, மாடிப் போர்ஷனில், குடத்தில் தண்ணீர் தூக்கிக்கொண்டு இருந்த ஒருத்தி, பகலில் சத்தமில்லாமல் ஒரு பனிமலையைத் தாண்டிக் கப்பலேறிப் போய்க்கொண்டிருந்திருக்கிறாள். நாலு மணிக்கு நாங்கள் வரும்போது டிவி மேல் துணி போட்டு மூடியிருக்கும். டீ தயாராக இருக்கும்.

கப்பல் புயலில் மாட்டியது. அலைகள் தளத்தின் மேல் ஏறின. அம்மாவுக்கு அந்தச் சத்தம் புதிது. இடி இடித்தபோது தோள் குலுங்கியது, ஆனால் விரல் தவறவில்லை. கடைசியில் கழுதை ஒரு தீவில் இறங்கியது. தீவின் உச்சியில் காக்கையின் கூடு இருந்தது. அங்கே சண்டை வரும் என்று நான் எதிர்பார்த்தேன். வரவில்லை. கூட்டுக்குள் காக்கைக் குஞ்சுகள் மணிகளுக்குள் தலையை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தன. கழுதை அவற்றை எழுப்பாமல் ஒவ்வொரு மணியாக எடுக்க வேண்டும். கொஞ்சம் வேகமாக அழுத்தினாலும் ஒரு குஞ்சு விழித்துவிடும், முதலிலிருந்து எடுக்க வேண்டும். அத்தா குனிந்து, கையை முழங்காலில் ஊன்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா கடைசி மணியையும் எடுத்தாள். ஒன்றுகூட விழிக்கவில்லை.

அவசரத்தில் செய்து கடைக்கு அனுப்பிய கேம் என்று முதல்நாள் கேட்டிருந்தேன். இதைச் செய்தவர்கள் யாரோ, எந்த ஊரோ. பாலத்திலேயே பாதிப் பேர் விழுந்துவிடுவார்கள் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்குமோ என்னவோ. தெரிந்திருந்தாலும் யாரோ ஒருவர் உட்கார்ந்து அந்தக் குஞ்சுகளின் மூச்சைக்கூடச் செய்திருக்கிறார். ஒவ்வொன்றின் முதுகும் தனித்தனியாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

ஊர் மணிக்கூண்டில் எல்லா மணிகளையும் மாட்டினார்கள். சந்தையில் இருந்தவர்கள், காட்டில் இருந்தவர்கள், மாமா கரடி வரைக்கும் எல்லோரும் கீழே நின்றார்கள். கழுதை கயிற்றைப் பல்லால் கடித்து இழுத்தது. அம்மா ஜாய்ஸ்டிக்கைக் கீழே வைத்துவிட்டாள். இந்த இடத்தில் மணி ஆடும், அவ்வளவுதான் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

மணிகள் ஒலித்தன.

தனித்தனியாக எனக்குத் தெரிந்த ஒலிகள்தான். சந்தையில் பீப்பாய்க்குப் பின்னால் இருந்த மணி, ஆலையின் கூரையில் இருந்த மணி. ஆனால் அவை ஒன்றன்பின் ஒன்றாகவும் சேர்ந்தும் ஒலித்தபோது அது ஒரு பாட்டாக இருந்தது. முதல் மணியிலிருந்தே அவற்றை ஒரு பாட்டுக்காகத்தான் செய்திருக்கிறார்கள். முடிவுக்கு வருகிறவர்களுக்கு மட்டும் கேட்கிற பாட்டு. முடிவுக்குப் பலமுறை வந்தும் அம்மா அதைக் கேட்டதில்லை.

அவள் அசையவில்லை. கை இரண்டும் மடியில் அப்படியே இருந்தன. பாட்டு நின்று, செய்தவர்களின் பெயர்கள் மேலே ஓடி, திரை இருண்டு, திரும்பவும் முதல் பக்கம் வந்தது.

“இதுக்குச் சத்தம் உண்டா” என்றாள் மெதுவாக, யாரையும் பார்த்துக் கேட்காமல்.

அத்தாதான் எழுந்து இன்னொரு சிடியை எடுத்து என்னிடம் நீட்டினார். இதையும் போடு, உங்கம்மா கடற்கரைக்குப் போகட்டும் என்றார்.

அந்தக் கார் கேம் தம்பிக்கு வாங்கிவந்தது என்றுதான் நாங்கள் இத்தனை காலமும் நினைத்திருந்தோம். தம்பியும் அப்படித்தான் நினைத்து அதைத் தன் அலமாரியில் வைத்துக்கொண்டிருந்தான். நிஜக் கம்பெனிகளின் கார்கள், அவற்றின் முத்திரை வரைக்கும் அப்படியே இருக்கும். அவனுக்கு அதில் ஒரு சிவப்புக் கார். ஆனால் அதைக் கேட்டது அம்மா. கழுதை கேமோடு வந்து பிறகு தொலைந்துபோன ஒரு இலவசச் சிடியில் அந்தக் கார் கேமின் ஒரு சின்னத் துண்டு இருந்ததாம். கடலோரமாக ஒரு சாலை, கொஞ்ச தூரம் போனதும் முடிந்துவிடும். அந்தச் சாலை அப்புறம் எங்கே போகிறது என்று அம்மாவுக்குத் தெரிய வேண்டியிருந்தது. வெள்ளிக்கிழமைகளில் கீழ்வீட்டு போனுக்கு அத்தா பேசுவார். எல்லோரும் சுற்றி நிற்பார்கள். அந்தக் கூட்டத்தில் தாழ்ந்த குரலில் அவள் கேட்டது அதைத்தான் என்றார் அத்தா.

“நகை கேட்கப் போறான்னு நெனச்சேன். கார் ஓட்டுற கேம் வேணும்னா” என்று சிரித்தார்.

அம்மா போட்டியைத் தேர்ந்தெடுக்கவில்லை. வேறு கார்களே இல்லாத பயிற்சி ஓட்டத்துக்குப் போனாள். சிவப்புக் கார்தான். மெதுவாக, சாலையின் இடப்பக்கமாகவே ஓட்டினாள். நாங்கள் அந்தச் சாலையில் எத்தனையோ முறை பறந்திருக்கிறோம். இடதுபக்கம் பாறை, வலதுபக்கம் நீலமாக ஏதோ ஒன்று, அவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும். அம்மாவின் வேகத்தில் பார்த்தபோது அந்த நீலத்தில் பாய்மரப் படகுகள் இருந்தன. பாறையில் ஒரு படிக்கட்டு ஏறிப் போனது. ஒரு வீட்டு மாடியில் துணி காய்ந்தது. கலங்கரை விளக்கத்துக்குப் பக்கத்தில் தடுப்புக் கம்பிகளில் ஒரு இடம் விட்டிருந்தது. கார் நுழைகிற அளவுக்குத்தான். அம்மா அதற்குள் திருப்பினாள். கார் இறங்கி மணலுக்குப் போனது. அலை வந்து முடிகிற இடத்தில் நிறுத்தினாள்.

இங்கே போக முடியும் என்று எனக்குத் தெரியவே தெரியாது என்றேன்.

இங்கே வந்துதான் சாப்பிடுவேன் என்றாள். கழுதைக்கு நேரமில்லாத நாட்களில், துவைக்கிற நாட்களில், இதைப் போட்டுக் காரை இங்கே கொண்டுவந்து நிறுத்திவிட்டுத் தட்டில் சோறு போட்டுக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்து சாப்பிடுவாளாம். அப்போது கடலுக்குச் சத்தம் கிடையாது. இப்போது இருந்தது. அலை வந்து போய்க்கொண்டே இருந்தது. நடுவில் காரின் உறுமல் மட்டும் விடாமல் கேட்டது. இஞ்சினை நிறுத்த முடியாதா என்று அத்தா கேட்டார். முடியாது என்றாள் அம்மா.

மொச்சை உரித்தபடியே கிடந்தது. ரசமும் மீன் வறுவலும் போதும் என்று அத்தா சொன்னார். தட்டுகளை ஹாலுக்கே கொண்டுவந்தோம். மூன்று பேரும் தரையில் உட்கார்ந்து கடலைப் பார்த்துச் சாப்பிட்டோம்.

பாதிச் சாப்பாட்டில் தம்பி குவைத்திலிருந்து வீடியோ காலில் வந்தான். அவனுக்கு அது மதிய இடைவேளை. அவன் பின்னால் கன்டெய்னர்கள் தெரிந்தன. நான் போனை டிவி பக்கம் திருப்பினேன்.

“அக்கா, அது என் காரு” என்றான். பிறகு கொஞ்சம் கண்ணைச் சுருக்கிப் பார்த்தான். “எங்க நிக்குது அது?”

“கடற்கரையில” என்றாள் அம்மா.

“அங்கல்லாம் போக முடியாதும்மா. கம்பி இருக்கு.”

“ஒரு இடத்துல இல்ல. வேகமாப் போனா தெரியாது.”

பாலத்தைப் பற்றி, மணிகளைப் பற்றி நான்தான் அவனிடம் சொன்னேன். அவன் குறுக்கே பேசவே இல்லை. படம் நின்றுவிட்டதோ என்று பார்த்தேன். இல்லை, அவன் இமைப்பது தெரிந்தது. பிறகு, அந்த வழியை மறுபடி ஒருதரம் காட்டச் சொன்னான், மெதுவாக.

அம்மா கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தாள். காரைப் பின்னால் எடுத்து மணலிலிருந்து சாலைக்கு ஏற்றினாள். கலங்கரை விளக்கத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போய்த் திருப்பிக்கொண்டு வந்தாள். அத்தா போனை வாங்கித் திரைக்கு நேராகப் பிடித்துக்கொண்டார். அத்தா இன்னும் கிட்டப் பிடிங்க என்றான் தம்பி. அவர் இன்னும் கிட்டே போனார். நான் அம்மாவின் தட்டை ஓரமாக நகர்த்தி வைத்தேன்.